பேட் – 1, கார்க் பால் – 1

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னதை எடுத்துவிட்டேன். பேச்சு நடை அங்கங்கே அப்படியே இருக்கும்.)

போன எபிசோடில் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பஸ்ஸில் கேட்டுக்கொண்டே தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அதனால இந்த வாரம் கம்ப்யூட்டர் கொஞ்சமாத்தான் வரும். கவலைப்படாதீங்க.

ஒரு மெயில் வந்தது. இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு தங்கை, அவங்க காலேஜ் விளையாட்டு மன்றத்துக்கு இந்த வருஷம் செயலாளர். அவங்க எழுதினதுல பாதியை மட்டும் படிக்கிறேன்: “அண்ணா, எங்ககிட்ட கேரம் போர்டு நாலு இருக்கு, ஸ்ட்ரைக்கர் ஒண்ணுகூட இல்ல. ஷட்டில் ராக்கெட் பன்னிரண்டு வாங்கினதா நோட்டில இருக்கு, ரூம்ல அஞ்சுதான் இருக்கு. யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு யாருக்கும் தெரியல. ஃபைன் போட்டாத்தான் வழிக்கு வருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க காலேஜ்ல இந்த வேலை பார்த்ததா ஒரு எபிசோடில் சொன்னீங்களே, ஃபைன் போடலாமா?”

போடாதீங்க. பதில் அவ்வளவுதான். ஆனா ஏன் போடக்கூடாதுன்னு சொல்ல, நான் போட்ட கதையைச் சொல்லணும். அது எனக்குப் பெருமையான கதை இல்ல.

முதல்ல இந்த விஷயம் எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். நம்ம ஊர் காலேஜ்களில் பெரும்பாலும் விளையாட்டுச் சாமான்கள் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, பி.டி. சார் ரூம். அதாவது உடற்கல்வி இயக்குநரின் ஸ்டோர். அங்கே இருப்பது ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய பொருள். வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு வரும். வருகிறவர் கேட்கப்போவது ஒரே கேள்வி: புத்தகத்தில் 12 இருக்கிறது, ரூமில் 12 இருக்கிறதா? அந்த 12 ராக்கெட்டை எத்தனை பேர் கையில் பிடித்து ஆடினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கணக்குக் கேட்டால், கணக்குக் கொடுக்க வேண்டியவருக்கு வெளியே போகாத ராக்கெட்தான் நல்ல ராக்கெட். பி.டி. சார்களைக் குறை சொல்லவில்லை. ஒரு பந்து காணாமல் போனால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர்தானே. அதனால் அந்த ஸ்டோர் திறப்பது பெரும்பாலும் காலேஜ் டீமுக்குத்தான். டீமில் இல்லாதவனும் அட்மிஷன் நாளில் விளையாட்டுக்கு என்று ஒரு கட்டணம் கட்டியிருப்பான், அது வேறு விஷயம்.

இரண்டாவது இடம் மாணவர் மன்றத்தின் பெட்டி. டீமுக்கு லாயக்கில்லாத என்னைப் போன்றவர்கள் சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சும்மா ஆடுவதற்கு இருக்கிற ஒரே வழி இதுதான். எங்கள் காலேஜில் அது மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு இரும்பு பீரோ, ஒரு லாங் சைஸ் நோட்டு. சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை திறந்திருக்கும். ஐடி கார்டைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். நான் மூணாம் வருஷத்தில் அந்த அறைக்குப் பொறுப்பாளர். சாவி என் கழுத்தில் தொங்கும். அதை ஒரு பதவி மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐடி கார்டை அடமானமாக வாங்குவது கேட்க நல்லா இருக்கும். நடைமுறையில் வேற கதை. மெஸ்ஸுக்கு ஐடி வேணும், லைப்ரரிக்கு ஐடி வேணும், கேட்ல வெளியே போக ஐடி வேணும். அப்போ பையன் என்ன பண்ணுவான்? பழைய ஐடியைக் கொடுப்பான். ரூம்மேட் ஐடியைக் கொடுப்பான். ஒருநாள் பெட்டியில் சேர்ந்திருந்த கார்டுகளைக் கொட்டிப் பார்த்தோம். எங்களுக்கு முன்னாடியே படித்து முடித்துப் போன ஒரு சீனியரின் கார்டு அதில் இருந்தது. அவர் எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெயரில் எங்கள் காலேஜில் யாரோ வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிஜமான கார்டைக் கொடுக்கிறவன் நேர்மையானவன், அல்லது வேற கார்டு கிடைக்காத முதல் வருஷப் பையன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அடுத்து, சாமான்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எங்கள் நோட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே நாலு கட்டம்தான்: தேதி, பெயர், பொருள், திரும்ப வந்ததா. இங்கேயே முதல் தப்பு.

ஷட்டில் காக்கை எடுத்துக்கங்க. இறகு காக்கில் 16 இறகு இருக்கும், மொத்த எடை அஞ்சு கிராம் அளவுதான். நன்றாக ஆடுகிற நாலு பேர் கையில் அது ஒரு சாயங்காலம் தாங்குவதே பெரிய விஷயம். அதை “திரும்ப வந்ததா” என்று கேட்பது, டீக்கடையில் குடித்த டீயைத் திரும்பக் கேட்பது மாதிரி. டிடி பாலும் அப்படித்தான். மிதித்தால் போச்சு. இவை தீர்ந்துபோகிற பொருள்கள். இவற்றுக்கு நோட்டு வேண்டாம், மாதத்துக்கு இத்தனை என்று ஒரு பட்ஜெட் போதும். சும்மா ஆடுகிறவர்களுக்கு நைலான் காக் கொடுத்தால் அந்த பட்ஜெட்டும் ரொம்ப நாள் ஓடும்.

ராக்கெட், பேட், வாலிபால் எல்லாம் நின்று உழைக்கிற பொருள்கள். ஆனால் அவற்றுக்கும் ஆயுள் உண்டு, பராமரிப்பு உண்டு. ராக்கெட்டின் நரம்பு அறுந்தால் கட்டிங் போட வேண்டும். எங்கள் பீரோவில் நரம்பு அறுந்த ராக்கெட் ஏழு கிடந்தன. கணக்குப்படி அவை “இருக்கின்றன”. ஆட முடியாது. புது ராக்கெட் வாங்க எளிதாக பில் பாஸ் ஆகும், கட்டிங் போட மட்டும் காசு கிடைக்காது. ஏன் என்றால் ரிப்பேர் என்று ஒரு தலைப்பே எங்கள் கணக்கில் இல்லை. உங்க கிளப்புலயும் இதைப் பாருங்க. காணாமப் போன ஏழு ராக்கெட்டைத் தேடுறதுக்கு முன்னாடி, இருக்கிற அஞ்சுல எத்தனை ஆடுற நிலைமைல இருக்குன்னு கையில் எடுத்துப் பாருங்க.

மூணாவது வகைதான் உங்க தலைவலி. செட். கேரமில் கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, மொத்தம் 19 காய், கூட ஒரு ஸ்ட்ரைக்கர். இதில் ஒன்று குறைந்தாலும் பல ஆயிரம் ரூபாய் போர்டு சும்மா பலகை. அதற்காக யாரும் ஆட்டத்தை நிறுத்திவிடவில்லை என்பது வேறு. சோடா மூடி, சட்டைப் பட்டன், ஒருமுறை அஞ்சு ரூபாய் நாணயம் எல்லாம் எங்கள் ஹாஸ்டலில் கறுப்புக் காயாக ஆடியிருக்கின்றன. இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் மாதிரி ஆட்டக்காரர்கள் வந்த ஊர் நம்முடையது. நாங்கள் பட்டனை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம்.

ஸ்ட்ரைக்கர் ஏன் காணாமல் போகிறது தெரியுமா? திருட்டு இல்லை. நல்ல ஸ்ட்ரைக்கர் கைக்குப் பழகிவிடும். நாளைக்கு அதே கிடைக்காதே என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். போர்டு மட்டும் திரும்ப வரும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், ஸ்ட்ரைக்கரை மட்டும் அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொன்னது. போர்டு, காய், போரிக் பவுடர் கிளப்புடையது. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் நாலு சாதா ஸ்ட்ரைக்கர் பெட்டியில். அன்றோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. எல்லாத்தையும் இரவல் கொடுத்தே ஆகணும்னு இல்ல.

காய் எண்ணுவதற்கு ஒரு சின்ன குறுக்கு வழியும் உண்டு. கேரம் காய் ஒன்று அஞ்சு முதல் அஞ்சரை கிராம். சமையலறைத் தராசில் பையோடு வைத்தால், ஒரு காய் குறைந்தாலும் அஞ்சு கிராம் குறைவாகக் காட்டும். பை மேலேயே முழு எடையை மார்க்கரில் எழுதி வைத்துவிட்டால் எண்ணவே வேண்டாம். செஸ் செட்டுக்கும் இதே. என் இன்ஜினியரிங் படிப்பு அந்த அறைக்குக் கொடுத்த உருப்படியான ஒரே பங்களிப்பு இந்தத் தராசுதான்.

சரி, ஃபைனுக்கு வருவோம்.

நான் பொறுப்பேற்ற முதல் மாதமே ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். அன்றே திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 10 ரூபாய். உடைந்தால், தொலைந்தால், கையெழுத்துப் போட்டவர் முழு விலையும் கொடுக்க வேண்டும். கையெழுத்து, என் பெயர், கீழே ஒரு சீல். சீல் அடிப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, அடித்தவர்களுக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்றால், தாமதம் கூடியது. முன்னாடியெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு ரூம் கதவைத் தட்டி, “சாரிடா, லேட்டாயிடுச்சு” என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். நோட்டீஸ் ஒட்டியதற்கு அப்புறம் அந்தக் கூச்சம் போய்விட்டது. “முப்பது ரூபாதானே, திங்கக்கிழமை சேத்துத் தர்றேன்.” ஒரு வாலிபாலை மூன்று நாளைக்கு 30 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. காசு இருக்கிறவனுக்கு அது மலிவான வாடகை. காசு இல்லாதவன் எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

இது எங்கள் காலேஜ் பசங்களின் குணம் என்று அப்போது நினைத்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் ஒரு ஆய்வைப் படித்தேன். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைக் காப்பகங்களில் செய்தது. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகச் சில பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். ஆறு காப்பகங்களில் மட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதம் என்றால் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனார்கள். யூரி நீஸி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. இதில் எனக்கு உறைத்த பகுதி கடைசியில் வருகிறது. சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. நானும் அடுத்த செமஸ்டரில் அந்த 10 ரூபாயை எடுத்துப் பார்த்தேன். எட்டு மணிக்குக் கதவைத் தட்டுகிற பழக்கம் திரும்ப வரவில்லை. கூச்சத்தை ஒருமுறை காசாக மாற்றிவிட்டால், காசைத் திருப்பிக் கொடுத்தாலும் கூச்சம் திரும்பி வருவதில்லை.

அதனாலதான் போடாதீங்கன்னு முதல்லயே சொன்னேன். போட்டுட்டு எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க.

ஆனால் தாமத ஃபைன் சின்ன தப்பு. பெரிய தப்பு அந்த இரண்டாவது வரியில் இருந்தது. கையெழுத்துப் போட்டவர் முழு விலையும் கொடுக்க வேண்டும்.

முதல் வருஷத்தில் ஒரு தம்பி இருந்தான். பேர் வேண்டாம். இடதுகைப் பந்துவீச்சு, வேகம் அதிகம் இல்லை, ஆனால் பந்து உள்ளே திரும்பி வரும். அவங்க வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். ஒரு சனிக்கிழமை ஃபைனல் இயர் பசங்க மேட்ச் போட்டார்கள். ஆள் குறைகிறது என்று அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் வழக்கம் தெரியுமே, சாமான் எடுக்க யார் போவது? “டேய், உன் ஐடி குடுத்து எடுத்துட்டு வாடா.” சின்னவன்தான் போவான். வந்தான். நிஜ ஐடியைக் கொடுத்தான். நான் பேட்டும் பந்தும் எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் நானே எழுதினேன்: பேட் – 1, கார்க் பால் – 1. அவன் கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் பேட் இரண்டாக வந்தது. கைப்பிடி சேரும் இடத்தில் பிளந்திருந்தது. அடித்தது அவன் இல்லை, ஒரு ஃபைனல் இயர் அண்ணன். அந்த அண்ணன் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை. தம்பிதான் இரண்டு துண்டையும் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். விலை 900 ரூபாய். ரூல் ரூல்தான் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தவணையாகக் கட்டினான், 200, 300, 400. ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தேன். முழுத் தொகையும் வசூலான ஒரே கேஸ் அது, மன்றக் கூட்டத்தில் அதைச் சாதனையாகக்கூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவனை கிரவுண்டில் பார்க்கவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. அடுத்த வருஷம் டீம் செலக்ஷன் சமயத்தில் பி.டி. சார்தான் கேட்டார், “அந்த லெஃப்ட் ஆர்ம் பையன் எங்கப்பா?” ரூமில் போய்க் கேட்டேன். “விளையாடினா ஏதாவது உடையும்ணா” என்றான். வேற எதுவும் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

அந்த வாரம் நோட்டை மறுபடி எழுத உட்கார்ந்தேன். பழைய பில்களை எடுத்துப் பார்த்தால், நாங்கள் வாங்கிய எட்டு பேட்டில் ஆறு டென்னிஸ் பால் பேட். கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், டென்னிஸ் பாலுக்கான பேட் எடை குறைவு, லேசான மரம். அதில் கார்க் பால் அடித்தால் இன்றைக்கோ நாளைக்கோ பிளந்தே தீரும். லெதர் பாலுக்கான பேட் இரண்டே இரண்டு. அவற்றைத்தான் கார்க் பாலுக்கும் கொடுப்போம். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த இரண்டும் காலையிலேயே டீம் பிராக்டிஸுக்குப் போயிருக்கின்றன. இரண்டு வரி மேலே, என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்போ நான் தம்பி கையில் கொடுத்தது டென்னிஸ் பேட். கூடவே கார்க் பாலையும் நானேதான் கொடுத்திருக்கிறேன். உடையப் போகிற பேட்டைக் கொடுத்தவனும் நான், விலை வாங்கினவனும் நான்.

கம்ப்யூட்டர் கொஞ்சம் வரும்னு சொன்னேன் இல்லையா, இதுதான் அந்த இடம். புரோகிராமிங்கில் கிளாஸ் வேறு, ஆப்ஜெக்ட் வேறு என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தருவார்கள். “பேட்” என்பது வகை. “கைப்பிடியில் பச்சை கிரிப் போட்ட, இரண்டு வருஷம் ஆடிய, அடியில் கீறல் விட்ட டென்னிஸ் பேட்” என்பது ஒரு பொருள். எங்கள் நோட்டில் வகைதான் இருந்தது, பொருள் இல்லை. எந்த பேட் போனது, எந்த நிலைமையில் போனது, எதோடு சேர்ந்து போனது என்று எதுவும் இல்லை. அந்த நோட்டு சொல்லக்கூடிய ஒரே விஷயம் யாரைப் பிடிப்பது என்பதுதான். பரீட்சையில் இதே கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியிருந்தேன்.

900 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மன்றக் கணக்கில் எடுக்க வழியில்லை, என் காசுதான். கணக்கை விளக்கினேன். கேட்டுக்கொண்டான். “ரெக்கார்டு நோட்டு வாங்கணும்னு அப்பாகிட்ட சொல்லித்தாண்ணா வாங்கினேன்” என்றான். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டான். கிரவுண்டுக்கு வந்தானான்னு கேப்பீங்க. இல்லை. செலக்ஷனுக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு மாற்றியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், பெயின்ட்டில். டென்னிஸ் பேட்டுகளுக்கு எண்ணோடு ஒரு மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டை பேட்டோடு கார்க் பால் போகாது, அது கொடுக்கிறவர் பார்க்க வேண்டிய வேலை. வெளியே போகும்போது நிலைமை எழுத வேண்டும்: நல்லா இருக்கு, கீறல் இருக்கு, கிரிப் போச்சு. ஒருவர் கையெழுத்துக்குப் பதில் ஆடப் போகிறவர்களில் மூன்று பேர் பெயர், அதில் ஒருவராவது எடுப்பவரைவிட சீனியர். இது வந்ததும் சின்னப் பசங்களை அனுப்புவது தானாகக் குறைந்தது. ஆட்டத்தில் உடைந்தால் கிளப் செலவு. தொலைந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஏதாவது ஒரு வழி சொல்ல வேண்டும். பெரும்பாலும் தேடிக் கொண்டுவந்துவிடுவார்கள். பீரோவுக்கு மேலேயோ, கட்டிலுக்கு அடியிலேயோதான் இருக்கும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 1935இலிருந்து குழந்தைகளுக்குப் பொம்மை இரவல் கொடுக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. அங்கே தொடர்ந்து ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் குழந்தைக்கு ஒரு பொம்மையைச் சொந்தமாகவே கொடுத்துவிடுவார்கள். எங்களால் பேட்டைக் கொடுத்துவிட முடியாது. ஆனால் சரியாகக் கொண்டுவருகிற குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல செட்டில் முதல் உரிமை என்று வைத்தோம். அது வேலை செய்தது.

வேலை செய்யாதது என்னுடைய ஆப். ஆமா, எழுதினேன். ஒவ்வொரு பொருளிலும் க்யூஆர் ஸ்டிக்கர். மாடிப்படிக்குக் கீழே சிக்னல் கிடையாது. வெளியே இருபது பேர் நிற்கிறார்கள், நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். வியர்வையில் ஸ்டிக்கர் ஒரு வாரத்தில் உரிந்தது. நோட்டுக்கே திரும்பினோம். கவுன்டரில் ஒரு ஆளுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆனால், மக்கள் எழுதாமலே எடுத்துக்கொண்டு போக வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

புது நோட்டு இன்னொன்றையும் காட்டியது. ஒரு செமஸ்டர் முழுக்க எழுதிய பக்கங்களைப் புரட்டியபோது பெண்களின் பெயர் ஒரு கை விரல்களுக்குள் அடங்கியது. அவங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு என் நண்பன் சொன்னான். நானும் ஒரு நிமிஷம் நம்பினேன். அப்புறம் நேரத்தைப் பார்த்தோம். அறை திறப்பது நாலரை, இருப்பது பாய்ஸ் ஹாஸ்டல் பக்கம். லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். நடந்து வந்து, வரிசையில் நின்று, எடுத்து, ஆடி, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக நேரம் எங்கே? நாலரை மணி காலேஜ் பஸ்ஸில் போகிற டே ஸ்காலர்களுக்கும் இதே நிலைதான், அவர்களுக்கு மதிய இடைவேளையில் அரை மணி நேரம் திறந்தோம்.

பெண்களுக்கு ஒரு டிரங்குப் பெட்டியை ஹாஸ்டலுக்கே அனுப்பினோம். என்ன வேண்டும் என்று கேட்டபோதுதான் தெரிந்தது, எங்கள் அறையில் அவர்கள் கேட்டதில் பாதி இல்லவே இல்லை. த்ரோபால், ரிங் ஆடும் டென்னிகாய்ட் வளையம், ஸ்கிப்பிங் கயிறு, பால் பேட்மின்டன் ராக்கெட், அதற்கான மஞ்சள் கம்பளிப் பந்து. தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் என்று சொல்லும் பால் பேட்மின்டனுக்கு எங்கள் பீரோவில் ஒரு பந்துகூட இருந்ததில்லை. வார்டன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, சத்தம் வரும் என்றார். ராத்திரி ஒன்பது மணியோடு நிறுத்திவிடுவோம் என்று மாணவிகளே பேசிச் சம்மதம் வாங்கினார்கள். சாவி அவர்களிடம். ஐடி வாங்கவில்லை, ஃபைன் இல்லை. சுவரில் ஒரு ஒயிட் போர்டு, அதில் எடுத்தவர் பெயரும் ரூம் நம்பரும். சாப்பிடப் போகிற எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது எங்கள் அறையைவிட அந்தப் பெட்டியில்தான் சாமான் சரியாக இருந்தது. தேய்மானமும் அதில்தான் அதிகம். த்ரோபால் வழுக்கையாகிவிட்டிருந்தது.

அதனால், தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்றது இதுதான். இந்த வாரம் ஒரு நாள் பொதுமன்னிப்பு நாள்னு அறிவிச்சு, ஹாஸ்டல் வாசல்ல ஒரு அட்டைப் பெட்டி வைங்க. யார் போட்டாங்கன்னு பார்க்காதீங்க. ஏழு ராக்கெட்டில் நாலாவது வரும். இருக்கிறதுக்கெல்லாம் எண் போடுங்க. ரிப்பேர்னு ஒரு தலைப்பு வேணும்னு ஆலோசகர் சார்கிட்டக் கேளுங்க. தயங்கினார்னா, ஒரு ராக்கெட்டுக்குக் கட்டிங் போடுற காசையும் புது ராக்கெட் விலையையும் ஒரு தாளில் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க. நோட்டில் “எத்தனை முறை வெளியே போச்சு”ன்னு ஒரு கட்டம் சேருங்க, வருஷக் கடைசி ரிப்போர்ட்டில் அதை முதல்ல போடுங்க. காணாமப் போனது அதுக்குக் கீழே வரட்டும். ஃபைனல் இயர் நோ டியூஸ் கையெழுத்துக்கு வர்றவங்ககிட்ட மட்டும் பழைய பாக்கியைக் கேட்கலாம்னு சிலர் சொல்வாங்க. டிசி வாங்க ஊர்லேர்ந்து அப்பாவோட வந்து நிக்கிறவங்களை ஒரு டென்னிஸ் பந்துக்காகத் திருப்பி அனுப்பாதீங்க, அவ்வளவுதான் கேட்டுக்கிறேன்.

ஸ்ட்ரைக்கர் மட்டும் அட்டைப் பெட்டிக்குள்ள வராது. அது யார் பாக்கெட்டிலேயோ இருக்கும். விட்டுடுங்க, நாலு புதுசா வாங்குங்க.

அட்டைப் பெட்டியில என்னென்ன வந்துச்சுன்னு மெயில் போடுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். கேட்டுக்கிட்டிருக்கிற மத்தவங்களும், உங்க அலமாரியில காலேஜ் எண் போட்ட ராக்கெட் ஏதாவது இருந்தா எழுதுங்க, பேர் சொல்ல மாட்டேன். என்கிட்ட ஒரு செஸ் குதிரை இருக்கு. கறுப்பு.